காய்கறி வாஃபிளும் சாம்சன் கோபமும்

மூடியைத் திறந்ததும் வாஃபிள் இரண்டாகப் பிளந்தது. பாதி மேல் தட்டில் ஒட்டிக்கொண்டது, பாதி கீழ்த் தட்டில். நடுவில் வேகாத மாவு கஞ்சிபோல வழிந்து சமையல் மேடையில் சொட்டியது.

சாம்சன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை முறைத்தார்.

"இது மிஷினா, எலிப்பொறியா?"

பக்கத்து அடுப்பில் கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி பரிபூரணம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கென்னங்க தெரியும். மிஷின் சமாச்சாரம். ஒங்களுக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தையில் சாம்சன் மறுபடியும் கரண்டியை எடுத்தார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். நூல் சுற்றும் ஆயிரம் கதிர்கள் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அவருடையது. ஓடாத மிஷினும் சாம்சன் சத்தம் போட்டால் ஓடும் என்று மில்லில் சொல்வார்கள். அவர் இல்லாதபோதுதான் சொல்வார்கள்.

இன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அவருடைய தங்கை ஹெப்சிபா வருகிறாள், புருஷனோடும் மகளோடும். அவள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைக் கடக்க அவளுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். மாப்பிள்ளை சுந்தரபாண்டியன், கோர்ட்டில் கிளார்க். அன்றைக்கு சாம்சன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை, ஆலங்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் எதிர் வரிசையில் சுந்தரபாண்டியன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சத்தம் போட்டார். ஹெப்சிபா சோற்றில் கைவைத்தபடி எழுந்து போனாள்.

இப்போது பரிபூரணம் எப்படியோ பேசிப் பேசி வரவழைத்திருக்கிறாள். ஆனால் தங்கை ஒன்று சொல்லியிருந்தாள். "அண்ணன் இவங்கள ஒரு வார்த்தை சொன்னாலும் அதோட சரி மதினி. பொறவு சாவுக்கும் வரமாட்டேன்."

இதைப் பரிபூரணம் வந்து சொன்னபோது சாம்சனுக்கு ஆத்திரம் வந்தது.

"நான் எதுக்குட்டி கத்தப்போறேன்? நான் என்ன கத்துற ஆளா?" என்று கேட்டார். அவர் கேட்டது தெருக்கோடியில் இஸ்திரி போடுகிறவருக்கும் கேட்டது.

உண்மையில் அவர் கத்துவதாக இல்லை. மாப்பிள்ளையிடம் நாலு கேள்வி மட்டும் கேட்பதாக இருந்தார். பெண் கேட்டு வரத் தெரியாதா, இந்த வீட்டில் பெரிய மனுஷன் இல்லையா என்று ஆரம்பிக்கும் அந்தக் கேள்விகளை, ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். நாலாவது கேள்விக்கு வரும்போது ஒவ்வொரு நாளும் குரல் குளியலறையைத் தாண்டி வந்தது.

இந்த நிலையில்தான் பரிபூரணம் வாஃபிள் மிஷினை வாங்கினாள்.

"பிள்ளைக்குக் காய்கறியே எறங்காதாம். வாஃபிள்ல துருவிப் போட்டாத்தான் சாப்பிடுமாம். ஹெப்சி சொன்னா."

"அது என்னது, வாப்பிள்?"

"கட்டம் கட்டமா இருக்கும். இனிப்புல செய்வாக. நம்ம காரத்துல செய்யணும். நீங்களே செஞ்சா நல்லது. மொதமொத மாமா வீட்டுக்கு வருது. மாமா கையால சாப்பிட்டேன்னு அந்தப் பிள்ளைக்கு ஒரு நெனப்பு இருக்குமில்ல."

அந்தப் பிள்ளையை சாம்சன் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் அவர் வாயைத் திறக்காமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

இப்போது அந்தத் துண்டில் மாவு வடிந்துகொண்டிருந்தது.

"கோசுதான் தண்ணி விட்டிருக்கு. எம்புட்டுக் கோசுட்டி போடச் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன். நீங்கதான் முழுசையும் துருவினீங்க."

சாம்சன் மைதாவை அள்ளிக் கொட்டினார். மாவு இறுகியது. கரண்டி மாவில் நட்டமாக நின்றது. அதைத் தட்டில் வைத்து மூடினால் மூடி இறங்க மறுத்தது. முழங்கையால் அமுக்கினார். வெளியே வந்தது வாஃபிள் இல்லை, காம்பவுண்டுச் சுவருக்கு வைக்கலாம் என்பதுபோல ஒன்று.

பக்கத்து வீட்டு சுப்புராஜ் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். பஞ்சு வியாபாரத்தில் இருந்தவர், இப்போது வேறு வேலை இல்லை.

"என்ன சார், கருகுற வாசம்?"

"வாப்பிள் செய்றேன்."

"யாருக்கு?"

"தங்கச்சி வாரா. மாப்பிள்ளை வாரான்."

"மாப்பிள்ளைக்கு வாப்பிளா?" சுப்புராஜுக்கு அது பிடித்துப்போனது. "எங்க மருமக இதெல்லாம் நல்லா செய்வா சார். செத்த நேரம் அனுப்பி வைக்கட்டுமா?"

சாம்சன் சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பரிபூரணம் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"வேண்டாண்ணே. அவியளே செய்யணும்னு ஆசையா செய்யுதாவ. நடுவுல யாரும் வந்தா அவியளுக்குப் பிடிக்காது."

சுப்புராஜின் தலை இறங்கியது. சாம்சன் மனைவியைப் பார்த்தார். தனக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாவில் தண்ணீர் கலந்தார், முட்டை உடைத்து ஊற்றினார். அடுத்தது ஒட்டாமல் வந்தது. கட்டம் கட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் கேரட்டும் பீன்ஸும் தெரிய, தட்டிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. சாம்சனின் முகம் அன்றைக்கு முதல் தடவையாகத் தளர்ந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா. மிஷின்னா அத எப்படி வச்சிருக்கணுமோ அப்படி வைக்கணும்."

பரிபூரணம் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு உச்சுக்கொட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பீன்ஸு பச்சையாத் தெரியுதே. பிள்ளை அதப் பாத்ததும் தட்டத் தள்ளிருமே."

"அதுக்கு?"

"பீட்ரூட்ட அரைச்சு ஊத்திட்டா எல்லாம் ஒரே செவப்பாயிரும். பச்சை எது, மஞ்சள் எதுன்னு தெரியாது."

"இத மொதல்லயே சொல்ல என்ன?"

"இப்பத்தானே தோணுச்சு."

சாம்சன் பீட்ரூட்டைத் துருவினார். துருவியதில் கை மணிக்கட்டு வரை சிவந்தது. சட்டையில் தெறித்தது. மிக்ஸி மூடியைச் சரியாக அழுத்தாததில் நெற்றியிலும் தெறித்தது. சிவப்பு மாவை ஊற்றி மூடினார். பீட்ரூட்டின் இனிப்பு தட்டில் பாகுபோலப் பிடித்துக்கொண்டது. திறந்தால் மறுபடியும் இரண்டு பாதி.

"ஏலே," என்றார் மிஷினைப் பார்த்து. மில்லில் அந்த ஒரு சொல்லுக்கு ஆட்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடுவார்கள்.

கத்தியால் சுரண்டினார். போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வைத்து அழுத்தித் தேய்த்தார். தட்டு பளபளவென்று வந்தது. ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சு அந்த நாரோடு வந்துவிட்டது என்பது அடுத்த கரண்டி மாவை ஊற்றி, அது சிமெண்டுபோலப் பிடித்தபிறகுதான் தெரிந்தது.

"நான் எண்ணெய் தாரேன்," என்றாள் பரிபூரணம், பாட்டிலை நீட்டி.

எண்ணெயை ஊற்றினார். கட்டங்களை நிரப்பி விளிம்பைத் தாண்டி எண்ணெய் மிஷினுக்குள் இறங்கியது. புகை வந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

"லைட்டு போச்சு."

"கொஞ்ச நேரத்துல வரும்னு நெனைக்கேன்."

"ஒனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? சூட்டுக் கட்டுப்பாடு வேலை செய்யல. அதான் எல்லாத்துக்கும் காரணம். திருப்புளி எடு."

சூடு ஏறும்போது அந்த விளக்கு அணைவதும், ஏறி முடிந்ததும் எரிவதும் வழக்கம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மில்லில் எலெக்ட்ரிகல் வேறு பிரிவு. அந்தப் பிரிவு ஆட்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை.

அடிப்பக்கத்தைக் கழற்றினார். சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி விட்டார். சுவிட்சைப் போட்டார். பச்சை, சிவப்பு எதுவும் எரியவில்லை. தட்டுதான் எரிந்தது. மாவு மேலே கரியாகவும் உள்ளே கூழாகவும் ஆனது. வழிந்த கூழ் ஒயர் மேல் சொட்ட, பட்டென்று ஒரு சத்தத்தோடு வீடு இருண்டது.

"பியூஸ் போயிருச்சுங்க."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

வெளியே அந்தி மங்கிக்கொண்டிருந்தது. பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். உள்ளே இருந்த கம்பி முடிபோல மெல்லியதாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் கூடியது.

"இம்புட்டு இத்தூணு கம்பி போட்டா எப்படித் தாங்கும்? எவன் போட்டான் இத?"

"போன வருஷம் நீங்கதான் போட்டீங்க."

பரணில் கிடந்த தடித்த செம்புக் கம்பியை எடுத்து நாலு சுற்று சுற்றினார். இனி இது போகவே போகாது என்று சொல்லிக்கொண்டே செருகினார்.

அது போகவில்லை. தெருமுனைக் கம்பத்தில் டமார் என்று கேட்டது. ஒரு நொடியில் தெரு முழுவதும் அணைந்தது. வீட்டுக்கு வீடு டிவிச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது.

"டார்ச் எக்கட?" என்று சுப்புராஜ் தன் வீட்டுக்குள் தெலுங்கில் கேட்டு டார்ச்சைத் தேடுவது கேட்டது. பிறகு சுவருக்கு மேலே வெளிச்சம் எழுந்தது. "சாம்சன் சார், மாப்பிள்ளைக்கு வாப்பிள் ரெடியா?"

"அந்த ஆள உள்ள போகச் சொல்லுட்டி. இல்லைன்னா மிஷினத் தூக்கி அங்கன எறிஞ்சிருவேன்."

சுப்புராஜ் உள்ளே போய் மின்வாரியத்துக்குப் போன் செய்தார். ஆள் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

சாம்சன் விடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சூடு ஆறியிருந்த மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி ஒயரைப் பிரித்தார். அவர் மனதில் இப்போது தங்கை இல்லை, மாப்பிள்ளை இல்லை, நாலு கேள்வியும் இல்லை. இந்த மிஷினை இன்றைக்கு மண்டியிட வைக்க வேண்டும். அவ்வளவுதான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். மிஷினைச் செய்தவனை, விற்றவனை, கொண்டுவந்து கொடுத்தவனை. அதுவும் போதாமல் முட்டைக்கோசைத் திட்டினார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை.

செல்போன் வெளிச்சம் ஒன்று கூடத்தைத் தாண்டி சமையலறை வாசலுக்கு வந்தது. அது சாம்சன் மேல் விழுந்தது. முழங்கை வரை சிவப்பு. சட்டையெல்லாம் சிவப்பு. நெற்றியிலிருந்து ஒரு கோடு மூக்குவரை இறங்கியிருந்தது. கையில் திருப்புளி.

போன் கீழே விழுந்தது.

"அண்ணே," என்று ஓடிவந்து ஹெப்சிபா அவர் கையைப் பிடித்தாள். "என்ன ஆச்சுண்ணே? எங்க வெட்டுச்சு? மதினி, இப்படி ரத்தம் ஓடுது, பாத்துக்கிட்டு நிக்கீங்களே."

"பீட்ரூட்டுட்டி," என்றார் சாம்சன்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பீட்ரூட்தான். அப்புறமும் கையை விடவில்லை. சாம்சனுக்கு என்னவோபோல் இருந்தது. அப்படி இருந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கைய விடுட்டி, ஒயர் விட்டுப்போயிரும். அங்க யாரு சும்மா நிக்கிறது? வெளிச்சத்தக் காட்டு."

வாசலில் பால்கோவாப் பொட்டலத்தோடு நின்றிருந்த சுந்தரபாண்டியன் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றி, கீழே கிடந்த போனை எடுத்து வெளிச்சம் காட்டினான்.

"இங்க காட்டு. என் மூஞ்சில என்ன இருக்கு? மிஷினுக்குள்ள காட்டு மாப்ள. கோர்ட்டுல லைட்டே கெடையாதா?"

மாப்ள என்ற சொல் சமையலறையில் அப்படியே நின்றது. சொன்னவர் அதைக் கவனிக்கவில்லை. ஹெப்சிபா மதினியைப் பார்த்தாள். மதினி குழம்பில் உப்புப் பார்த்தாள்.

இந்த நேரத்தில் ஐந்து வயதுச் சிவரஞ்சனி அம்மாவின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மேடையில் தட்டு நிறையத் துருவாமல் மிச்சமிருந்த கேரட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, கறுக் கறுக்கென்று மென்றபடி மாமாவை வேடிக்கை பார்த்தாள். சாம்சன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மச்சான்," என்றான் சுந்தரபாண்டியன் மெதுவாக. "ஒயர வெறுங்கையால தொடாதீங்க."

"எனக்கு நீ சொல்லித் தாரியா?"

சத்தம் பெரிதாகத்தான் வந்தது. ஹெப்சிபாவின் முகம் மாறியது. அவள் மகளின் தோளைப் பற்றி இழுத்தாள். ஆலங்குளத்துப் பந்தியில் எழுந்து நின்றதுபோலவே நிமிர்ந்து நின்றாள். பரிபூரணத்தின் கையில் கரண்டி அசையாமல் நின்றது.

சுந்தரபாண்டியன் போன் வெளிச்சத்தை மிஷினிலிருந்து எடுத்து, அதன் ஒயர் போகும் வழியிலேயே கொண்டுபோனான். வெளிச்சம் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, சுவிட்சுப் பலகையில் போய் நின்றது. பிளக் மாட்டியபடி இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது.

"ஏலே, லைட்ட எங்க கொண்டுபோற?" என்று சாம்சன் உறுமினார்.

சுந்தரபாண்டியன் பால்கோவாப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, ஒரே எட்டில் போய் பிளக்கைப் பிடுங்கினான்.

கரண்டு வந்தது.

டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. தெரு முழுக்க டிவிகள் பேச ஆரம்பித்தன. தரையில் உட்கார்ந்திருந்த சாம்சனின் இரண்டு கைகளிலும் இரண்டு ஒயர் முனைகள் இருந்தன. அந்த ஒயரின் இன்னொரு முனை சுந்தரபாண்டியன் கையில் இருந்தது.

கேரட் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

சாம்சன் தன் கையைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். இவனிடம்தான் நாலு கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி என்னவென்று யோசித்தார். வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மத்தியானத்திலிருந்து கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. உடம்பில் ஒரு சொட்டுக் கோபம் மிச்சமில்லை. எங்கே போயிற்று என்று தேடுவதுபோல மிஷினைப் பார்த்தார். அது அவர் மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"சாப்பிட வாங்க மாப்ள," என்றார். குரல் கீச்சென்று வந்தது.

ஹெப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே முந்தானையால் அண்ணனின் நெற்றியையும் துடைத்தாள்.

மிச்ச மாவைப் பரிபூரணம் தோசைக்கல்லில் ஊற்றினாள். அடைபோலத் தடித்து, சிவந்து, ஓரம் மொறுமொறுப்பாக வந்தது. கட்டம் இல்லை. கோழிக்குழம்பைத் தொட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள். சுந்தரபாண்டியன் மூன்றாவது கேட்டான். சாம்சன் எழுந்து போய் அவரே கொண்டுவந்து வைத்தார். நசுங்கிய பால்கோவாவைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்த சாம்சன் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். கை இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவளுடைய தட்டு காலி. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"மாமா ஒனக்கு வாப்பிள் செஞ்சு தரணும்னுதான் பாத்தேன் தாயி," என்றார் கட்டிப்போன குரலில். "அந்த மிஷின் என்னைய ஏமாத்திருச்சு. அடுத்த வாரம் வா. அதச் சரிபண்ணி, காய்கறியே கண்ணுக்குத் தெரியாம, கட்டம் கட்டமா செஞ்சு தாரேன்."

சிவரஞ்சனி விரலில் ஒட்டியிருந்த பால்கோவாவை நக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எனக்குக் காயெல்லாம் சும்மாவே பிடிக்கும் மாமா. அந்த மிஷின் ஒங்களுக்குத்தான். எங்கப்பா வாரதுக்குள்ள அது மேலயே நீங்க கத்தி முடிச்சிரணும்னுதான் வாங்குனேன்னு அத்தை போன்ல அம்மாகிட்டச் சொன்னாங்க."